திரைக்குப் பின்னால் ஒரு பொதுச்சொத்து: 'மெஸா' மென்பொருளை நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும்?

கணனி ஒன்றை வாங்கச் செல்லும்போது நாம் வழமையாகச் சில கேள்விகளைக் கேட்போம். ரெம் எவ்வளவு? ஹாட் டிஸ்க் எவ்வளவு? எத்தனையாவது ஜெனரேஷன்? பெட்டரி எத்தனை மணித்தியாலம் நிற்கும்? கடைக்காரரும் இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருப்பார். ஆனால், இந்தக் கணனியின் திரையில் படம் வரச் செய்யும் மென்பொருளை எழுதியவர் யார், கம்பனி அதைக் கைவிட்டால் அதன் பிறகு அதைப் பார்ப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஏழெட்டு வருடங்கள் கழித்து அந்தக் கணனி பாவனைக்கு உதவுமா அல்லது மூலையில் தூசு பிடித்துக் கிடக்குமா என்பதில் இந்தக் கேட்கப்படாத கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை முடிவுக்குக் கொண்டுவந்தது. வின்டோஸ் 11ஐ நிறுவுவதற்கான நிபந்தனைகளில் புதிய பாதுகாப்புச் சிப், ஓரளவு புதிய செயலி என்பவற்றுடன், குறிப்பிட்ட தரத்திலான வரைகலை ட்ரைவரும் ஒன்றாகும். இதனால் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணனிகள் உத்தியோகபூர்வமாக 'பழையவை' ஆகிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து பாவிக்க விரும்புவோருக்கு முன்னால் உள்ள முக்கிய வழி லினக்ஸ் ஆகும். லினக்ஸ் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த லினக்ஸில் திரையை இயங்க வைக்கும் 'மெஸா' என்ற மென்பொருள் நூலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சொற்பம். முப்பது வருடங்களுக்கு மேலாக, பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் பகிரங்கமாக எழுதிவரும் ஒரு பொதுச்சொத்து அது. அதன் கதையைத் தெரிந்துகொள்வது, நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள் உண்மையில் யாருடையது என்ற கேள்வியைத் தெளிவாக விளங்கிக்கொள்ளவும் உதவும்.

திரையில் படம் எப்படி வருகிறது?

சாதாரண 'ஃபுல் எச்.டி.' திரை ஒன்றில் 1920 நிரல்களும் 1080 நிரைகளும் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். செக்கனுக்கு 60 தடவை திரை புதுப்பிக்கப்படுமானால், ஒவ்வொரு செக்கனிலும் 12 கோடியே 44 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். கணனியின் பிரதான செயலியிடம் மட்டும் இந்த வேலையை ஒப்படைத்தால் அது திணறிவிடும். அதனால்தான் இதற்கென்றே தனியாக வரைகலைச் செயலி (ஜீபீயூ) உள்ளது. ஒரே மாதிரியான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்வது அதன் வேலை.

பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு கம்பனியின் வரைகலைச் செயலிக்கும் வெவ்வேறு மொழி. இன்டெல்லின் மொழி ஏ.எம்.டி.க்கு விளங்காது. என்விடியாவின் மொழி இரண்டுக்கும் விளங்காது. ஒரே கம்பனிகூட சில வருடங்களுக்கு ஒரு தடவை தனது மொழியை மாற்றிக்கொள்கிறது. இணைய உலாவியையோ விளையாட்டையோ எழுதுபவர் இத்தனை மொழிகளையும் கற்றுக்கொண்டு எழுத முடியாது.

எனவே நடுவில் ஒரு பொது மொழி உருவாக்கப்பட்டது. 1992இல் அமெரிக்காவின் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஓபன்ஜிஎல்' அத்தகைய ஒன்று. 2016இல் வெளிவந்த 'வல்கன்' அதற்கு அடுத்த தலைமுறை. மென்பொருள் எழுதுபவர்கள் இந்தப் பொது மொழியில் "இங்கே ஒரு முக்கோணம் வரை, அதற்கு இந்த நிறம் பூசு" என்று கேட்பார்கள். அதை அந்தந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் ட்ரைவரின் வேலை.

பெயரில் 'ட்ரைவர்' என்று இருந்தாலும் இது சாரதியை விட மொழிபெயர்ப்பாளருக்கே நெருக்கமானது. சிங்களம் மட்டும் தெரிந்த அதிகாரிக்கு முன்னால் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் இருவரும் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தும் காரியம் நடக்காது. மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொன்னால் காரியம் பிழைத்துப் போகும். மெதுவாகச் சொன்னால் வரிசை நீண்டுவிடும். விலையுயர்ந்த வரைகலைச் சிப் ஒன்று இருந்தும் ட்ரைவர் சரியில்லாவிட்டால் திரை கறுப்பாகிப் போவதும், படம் கிழிந்து தெரிவதும், வீடியோ இழுபடுவதும் இதனால்தான்.

லினக்ஸில் இந்த வேலை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலுக்குள் ஒரு சிறிய பகுதி இருக்கும். நினைவகத்தைப் பங்கிடுவதும், வேலைகளை வரிசைப்படுத்திச் சிப்புக்கு அனுப்புவதும் அதன் பொறுப்பு. மொழிபெயர்ப்பு என்ற பெரிய வேலையைச் செய்வது கேர்னலுக்கு வெளியே இருக்கும் மெஸா.

விஸ்கொன்சினில் தொடங்கிய பணி

மெஸாவை ஆரம்பித்தவர் பிரையன் போல் என்ற அமெரிக்கர். 1993 ஓகஸ்ட் மாதத்தில், விஸ்கொன்சின் மடிசன் பல்கலைக்கழகத்தின் விண்வெளி விஞ்ஞான நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், ஓபன்ஜிஎல் முறையிலேயே இயங்கும் எளிய வரைகலை நூலகமொன்றைத் தனது ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினார். அன்று முப்பரிமாணப் படங்களை ஒழுங்காகக் காட்டக்கூடிய கணனிகள் சாதாரண மக்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. ஓபன்ஜிஎல்லும் அத்தகைய கணனிகளுடனேயே வந்தது.

1994 நவம்பரில் அவர் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்துடன் தொடர்பு கொண்டு, தான் எழுதியதை இணையத்தில் பகிர அனுமதி கேட்டார். அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவுடன் பேச்சுவார்த்தை நடத்தி அனுமதியும் பெற்றார். 1995 பெப்ரவரியில் மெஸாவின் முதலாவது பதிப்பு வெளியானது. ஓபன்ஜிஎல் என்பது உரிமம் பெற்றவர்கள் மாத்திரம் பாவிக்கக்கூடிய வர்த்தகப் பெயர் என்பதால், தன்னை அப்படி அழைத்துக்கொள்ளாமல் மெஸா என்ற பெயரிலேயே அது வந்தது. ஒரு சிலர் எடுத்துப் பார்ப்பார்கள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ஆனால் ஆயிரக்கணக்கானோர் அதை எடுத்தார்கள். திருத்தங்களும் புதிய பகுதிகளும் அவருக்கு நாளாந்தம் வந்து சேர்ந்தன.

ஆரம்பத்தில் மெஸா எந்த வரைகலைச் சிப்பையும் பாவிக்கவில்லை. எல்லாக் கணக்குகளையும் பிரதான செயலியிலேயே செய்தது. அதனால் மெதுவாக இருந்தது. எனினும் எந்தக் கணனியிலும் இயங்கியது. 1990களின் பிற்பகுதியில் விளையாட்டுகளுக்கான மலிவான முப்பரிமாண அட்டைகள் சந்தைக்கு வந்தபோது, மெஸா அவற்றின் ட்ரைவர்களுக்கான அடித்தளமாக மாறத் தொடங்கியது. 2001இல் பிரையனும் நண்பர்களும் டங்ஸ்டன் கிராபிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை ஆரம்பித்து இதையே தொழிலாகவும் செய்தார்கள். 2008இல் அந்த நிறுவனத்தை வீஎம்வெயார் வாங்கிக்கொண்டது. நிறுவனம் கைமாறினாலும் மெஸா பொதுவெளியிலேயே தொடர்ந்தது. மூல நிரல் திறந்திருந்ததே அதற்குக் காரணம். எவரும் அதை எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளில்கூடச் சேர்க்கலாம் என்ற எளிய அனுமதிப்பத்திரத்தின் கீழேயே இன்றும் அது வெளியிடப்படுகிறது.

கதவைத் திறந்தவர்களும் மூடியவர்களும்

ஒரு சிப்புக்கு ட்ரைவர் எழுத வேண்டுமானால் அந்தச் சிப்பின் மொழி தெரிந்திருக்க வேண்டும். அதற்கான ஆவணங்கள் கம்பனிகளின் கையில் உள்ளன. இங்குதான் கம்பனிகளின் வழிகள் பிரிந்தன.

இன்டெல் தனது லினக்ஸ் ட்ரைவர்களைப் பொதுவெளியிலேயே, தனது சொந்தப் பொறியியலாளர்களைக் கொண்டு மெஸாவுக்குள் எழுதியது. ஏ.டி.ஐ. நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏ.எம்.டி., 2007 செப்டம்பரில் தனது ரேடியோன் சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அது ஒரு திருப்புமுனை. இன்று ஏ.எம்.டி. சிப் உள்ள கணனியில் லினக்ஸை நிறுவினால், தனியாக ட்ரைவர் தேடாமலே திரை வேலை செய்வதற்கு அன்றைய தீர்மானமே அடிப்படை.

என்விடியாவின் கதை வேறு. லினக்ஸுக்கும் ட்ரைவர் கொடுத்தது; ஆனால் மூல நிரலை மூடியே வைத்திருந்தது. ஆவணங்களும் கிடைக்கவில்லை. எனவே ஆர்வலர்கள் சிலர் 'நூவோ' என்ற திட்டத்தை ஆரம்பித்து, சிப்பின் மொழியைத் தாமாகவே கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். 2010இல் நூவோ உத்தியோகபூர்வமாக லினக்ஸ் கேர்னலுக்குள் சேர்ந்தது. ஆனால் 2014இல் வந்த ஜீடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கம்பனி கையொப்பமிட்ட உள்மென்பொருள் இல்லாமல் சிப்பின் வேகத்தைக் கூட்ட முடியாதவாறு பூட்டுப் போடப்பட்டது. ட்ரைவர் இருந்தது, ஆனால் சிப் மிகக் குறைந்த வேகத்திலேயே ஓடியது. முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு, கம்பனியின் மூடிய ட்ரைவரைப் பாவித்தால் மாத்திரமே முழு வேகமும் என்ற நிலை அது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வல்ட்ஸ் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் கமெராவுக்கு முன்னாலேயே என்விடியாவைக் கடிந்துகொண்டது பலருக்கு நினைவிருக்கலாம்.

காலம் மாறியது. 2022 மே மாதத்தில் என்விடியா தனது கேர்னல் பகுதியின் மூல நிரலை வெளியிட்டது. 2018இல் வந்த டியூரிங் வரிசையிலிருந்து, வேகக் கட்டுப்பாட்டைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு செயலி கவனிப்பதால் பழைய பூட்டும் தளர்ந்தது. அதைப் பயன்படுத்தி ஃபெய்த் எக்ஸ்ட்ரான்ட் என்ற பொறியியலாளரும் அவருடன் இணைந்தவர்களும் 'என்விகே' என்ற புதிய வல்கன் ட்ரைவரை எழுதினார்கள். 2023இல் அது மெஸாவுக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வந்த அட்டைகளை வாங்கியவர்களுக்கு இந்த விடிவு கிடைக்கவில்லை.

மூடிய பெட்டியைத் திறந்தது எப்படி?

ஆவணம் இல்லாமல் ஒரு சிப்பின் மொழியை எப்படிக் கண்டுபிடிப்பது? முறை எளிமையானது, ஆனால் அதற்கு மிகுந்த பொறுமை தேவை. கம்பனியின் ட்ரைவரைக் கொண்டு ஒரு முக்கோணத்தை வரையச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ட்ரைவர் சிப்புக்கு அனுப்பும் எண்களையெல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு முக்கோணத்தின் நிறத்தை மட்டும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றி மீண்டும் அனுப்ப வேண்டும். இரண்டு பதிவுகளிலும் எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால், நிறத்தைக் குறிக்கும் இடம் தெரிந்துவிடும். இப்படியே ஆயிரக்கணக்கான தடவைகள். தெரியாத மொழி பேசும் ஊரில் போய், ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்டிச் சொல் கற்பதைப் போன்றது இது.

கைத்தொலைபேசிகளில் உள்ள சிப்புகள் பலவும் இவ்வாறே மெஸாவுக்குள் வந்தன. குவல்கொம் நிறுவனத்தின் எட்ரீனோ சிப்புகளுக்கான 'ஃப்ரீட்ரீனோ' ட்ரைவரை ரொப் கிளார்க் 2012 அளவில் ஆரம்பித்தார். ஆர்ம் நிறுவனத்தின் மாலி சிப்புகளுக்கு 'லீமா', 'பேன்ஃப்ரொஸ்ட்' என்ற இரண்டு ட்ரைவர்கள் 2019இல் மெஸாவில் இணைந்தன. பேன்ஃப்ரொஸ்ட்டின் முக்கிய எழுத்தாளரான அலிஸ்ஸா ரோசன்ஸ்வைக் அந்த வேலையை ஆரம்பித்தபோது ஒரு மாணவி. பின்னர் ஆர்ம் நிறுவனமே அந்தத் திட்டத்துக்கு உதவ முன்வந்தது. வெளியில் நின்று தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளேயிருந்து கதவு திறக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எமது இளைஞர்களிடையே, ஸ்னெப்டிராகன் போன்களில் கணனி விளையாட்டுகளை ஓட வைக்கும் எமியூலேட்டர்களைப் பாவிப்போர் 'டர்னிப் ட்ரைவர்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அது மெஸாவுக்குள் எழுதப்பட்ட, ஃப்ரீட்ரீனோ குடும்பத்தைச் சேர்ந்த வல்கன் ட்ரைவர்தான்.

அண்மைக்கால உதாரணம் அப்பிள் நிறுவனத்தின் எம்1 சிப். 2020 நவம்பரில் அது வெளியானபோது லினக்ஸுக்காக எந்த ஆவணமும் தரப்படவில்லை. 'அசாஹி' திட்டத்தைச் சேர்ந்தவர்கள் மேற்சொன்ன வழியிலேயே அதன் மொழியைக் கண்டறிந்தார்கள். 2023இல் அவர்களது ட்ரைவர் ஓபன்ஜிஎல்லின் கைபேசி வடிவத்துக்கான உத்தியோகபூர்வ பரீட்சையில் சித்தியடைந்தது. 2024 பெப்ரவரியில் ஓபன்ஜிஎல் 4.6 என்ற தரத்தை எட்டியது. அப்பிளின் சொந்த இயங்குதளம் தருவது 4.1 மட்டுமே. கம்பனி தனது சிப்புக்குக் கொடுக்காத ஒன்றை வெளியில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஒருவர் வெட்டிய கிணற்றில் எல்லோருக்கும் தண்ணீர்

இத்தனை சிப்புகளுக்கும் தனித்தனியாக முழு ட்ரைவர் எழுதுவதாக இருந்தால் எவராலும் முடியாது. மெஸா வெற்றிபெற்றது பகிர்ந்துகொள்ளும் அமைப்பினால். ஓபன்ஜிஎல் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பகுதி எல்லாருக்கும் பொதுவானது. அங்கிருந்து வேலை ஒரு நடுநிலையான இடைமொழிக்கு மாற்றப்படுகிறது. தேவையற்ற கணக்குகளை நீக்கி வேகப்படுத்தும் வேலையும் அந்த இடைமொழியிலேயே நடக்கிறது. கடைசிக் கட்டத்தில் மாத்திரம் அந்தந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றும் பகுதி தனித்தனியாக எழுதப்படுகிறது.

இதன் பலனைக் கவனியுங்கள். இன்டெல் பொறியியலாளர் ஒருவர் தனது சிப்புக்காகப் பொதுப் பகுதியில் ஒரு பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் ஏ.எம்.டி., குவல்கொம், ரெஸ்பெரி பை எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. சந்தையில் ஒன்றையொன்று எதிர்க்கும் கம்பனிகள் இங்கே ஒரே களத்தில் வேலை செய்கின்றன. மென்பொருள் உலகில் இது ஒரு அபூர்வமான காட்சி.

2022இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவி மெஸாவின் 'ரெட்வி' ட்ரைவரில் இயங்குகிறது. ஏ.எம்.டி. சிப்புகளுக்கான இந்த ட்ரைவர் 2016இல் ஏ.எம்.டி.க்கு வெளியே இருந்த இருவரால் ஆரம்பிக்கப்பட்டது. ஏ.எம்.டி.யிடம் தனது சொந்த வல்கன் ட்ரைவர் ஒன்று இருந்தது. எனினும் 2025இல் தனது திறந்த மூல வல்கன் ட்ரைவரை நிறுத்திவிட்டு, ரெட்விக்கே முழு ஆதரவையும் வழங்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பொதுவெளியில் பலர் சேர்ந்து எழுதியது, சிப்பை உருவாக்கிய கம்பனி எழுதியதை முந்திவிட்டது.

சட்டம் போட்ட முட்டுக்கட்டை

தொழில்நுட்பம் தெரிந்திருந்தும் சட்டம் தடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. விளையாட்டுகளில் சுவர், தரை, முகம் போன்றவற்றின் மேற்பரப்புப் படங்களைச் சுருக்கி வைப்பதற்கு 'எஸ்3டிசி' என்ற முறை பரவலாகப் பாவிக்கப்பட்டது. அது பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமைக்கு உட்பட்டிருந்தது. அதை எழுதத் தெரிந்தவர்கள் இருந்தும், மெஸாவுக்குள் சேர்க்க முடியவில்லை. தனியான ஒரு சிறு நூலகமாக வைத்து, விரும்பியவர்கள் தாமாகவே நிறுவிக்கொள்ளும்படி விடப்பட்டது. விடயம் தெரியாத பாவனையாளர்களின் திரையில் விளையாட்டுகள் பிழையாகவே தெரிந்தன. 2017 ஒக்டோபரில் அந்த ஆக்கவுரிமை காலாவதியானதும், அதே ஆண்டில் அது மெஸாவுடன் இணைக்கப்பட்டது. நிரல் மாறவில்லை, நாட்காட்டி மட்டுமே மாறியது.

பழைய கணனிகளுக்கு என்ன நடக்கிறது?

எமது வாசகர்களுக்கு அதிகம் பயன்படும் பகுதி இதுதான். இங்கே வீடுகளிலும் பாடசாலைகளிலும் சிறு கடைகளிலும் இருக்கும் கணனிகளில் கணிசமானவை பாவித்த கணனிகள். பத்து வருடங்களைக் கடந்தவையும் உண்டு. கம்பனிகள் அத்தகைய சிப்புகளுக்குப் புதிய வின்டோஸ் ட்ரைவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டன. வியாபார ரீதியாக அதில் அவர்களுக்கு இலாபம் இல்லை.

மெஸாவில் நடந்ததைப் பாருங்கள். 2021இல் 'க்ரோகஸ்' என்ற புதிய ட்ரைவர் அதில் சேர்ந்தது. 2006 தொடக்கம் 2013 வரையான காலப்பகுதியில் இன்டெல் வெளியிட்ட சிப்புகளுக்கானது அது. அதாவது, நான்காம் ஜெனரேஷன் வரையான பழைய கணனிகளுக்கு. பதினைந்து வருடப் பழைய சிப்புக்குப் புதிதாக ட்ரைவர் எழுதுவது சந்தைக் கணக்கில் பைத்தியக்காரத்தனம். ஆனால் மூல நிரல் பொதுவில் இருக்கும்போது, அக்கறையுள்ள ஒருவர் இருந்தாலே போதும்.

அதே நேரம் மெஸா எல்லாவற்றையும் என்றென்றும் சுமக்கும் என்று நினைப்பதும் சரியல்ல. 2022இன் ஆரம்பத்தில் வந்த 22.0 பதிப்பிலிருந்து மிகப் பழைய ட்ரைவர்கள் சில நீக்கப்பட்டு, 'அம்பர்' என்ற தனிக் கிளையில் விடப்பட்டன. கவனிக்க ஆளில்லாத நிரல் புதிய வேலைகளுக்கும் இடைஞ்சலாகிவிடும் என்பதே காரணம். கம்பனி கைவிடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், இங்கே நிரல் அழிக்கப்படவில்லை, பூட்டப்படவும் இல்லை. யாராவது பொறுப்பெடுத்தால் அது மீண்டும் உயிர்பெறும்.

செலவை யார் சுமக்கிறார்கள்?

"இலவசம்" என்ற சொல் சில நேரங்களில் எம்மை ஏமாற்றிவிடும். மெஸாவை நாம் காசு கொடுக்காமல் எடுக்கலாம். ஆனால் அதற்குச் செலவு இல்லை என்பதல்ல பொருள். இன்று அதை எழுதுவோரில் பெரும்பாலானோர் சம்பளம் பெறும் பொறியியலாளர்கள். இன்டெல், ஏ.எம்.டி., வால்வ், கூகுள், ரெட் ஹெட், கொலபோரா போன்ற நிறுவனங்களும், ஸ்பெயினைச் சேர்ந்த இகாலியா என்ற ஊழியர் கூட்டுறவு நிறுவனமும் அவர்களை வைத்திருக்கின்றன. தனிப்பட்ட ஆர்வலர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

2017 முதல் பதிப்புகளுக்கு ஆண்டை வைத்தே இலக்கமிடப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. அனுப்பப்படும் ஒவ்வொரு மாற்றமும், சேர்க்கப்படும் முன்னர் உண்மையான சிப்புகளிலேயே தானியங்கியாகப் பரீட்சிக்கப்படுகிறது. ஒரு சிப்புக்கான திருத்தம் இன்னொரு சிப்பைக் கெடுத்துவிடாமல் தடுப்பது இதுதான். இதற்குச் சேவையகங்கள் வேண்டும், மின்சாரம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும்.

மெஸாவின் நிரல் வைக்கப்பட்டிருப்பது ஃப்ரீடெஸ்க்டொப் என்ற பொதுத் தளத்தில். 2020இல் இந்தப் பரீட்சைகளுக்கான மேகக்கணனிச் செலவு கட்டுமீறியதால், அதைக் குறைக்கும் நெருக்கடி ஏற்பட்டது. பின்னர் ஒரு நிறுவனம் சேவையகங்களை நன்கொடையாக வழங்கியது. 2025இல் அந்த நிறுவனம் குறித்த சேவையையே மூடத் தீர்மானித்ததால், ஏப்ரல் மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தொண்டர்கள் சிலரின் உழைப்பால் அது நடந்தேறியது. உலகெங்கும் எண்ணற்ற கணனிகள் நம்பியிருக்கும் ஒரு மென்பொருளின் வீடு, ஒரு நன்கொடையாளர் விலகியதும் ஆட்டம் கண்டது.

பெரிய கம்பனிகளின் ஆதரவு நல்லதுதான். ஆனால் அவை தமது சிப்புகள் விற்பனையாகும் வரைதான் அக்கறை காட்டும். பத்து வருடப் பழைய கணனியை வைத்திருப்பவருக்காகச் சம்பளம் கொடுக்க அவற்றுக்குக் காரணம் இல்லை. அந்த இடத்தை ஆர்வலர்களும் பொது நிதியும்தான் நிரப்ப வேண்டும். ஆர்வலர்கள் களைத்துப் போனால், பழைய கணனி வைத்திருப்போரே முதலில் பாதிக்கப்படுவார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வசதி குறைந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பழைய கணனியை வீசுவதற்கு முன்னர் ஒரு தடவை லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். நிறுவாமலே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இயங்கியதும் செட்டிங்ஸில் கணனியின் விபரப் பகுதியைத் திறந்து, 'கிராபிக்ஸ்' என்ற இடத்தில் என்ன உள்ளது என்று பாருங்கள். இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப்பின் பெயர் இருந்தால் ட்ரைவர் ஒழுங்காக வேலை செய்கிறது. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், வரைகலைச் சிப் பாவிக்கப்படாமல் பிரதான செயலியே எல்லாவற்றையும் வரைகிறது என்று அர்த்தம். படம் தெரியும்; ஆனால் கணனி சூடாகும், வேகம் குறையும். அந்நிலையில் இயங்குதளத்தைப் புதுப்பித்துப் பார்ப்பது முதலாவது வேலை.

இரண்டாவது, புதிதாகவோ பாவித்ததாகவோ வாங்கும்போது, அதிலுள்ள வரைகலைச் சிப்புக்கு மெஸாவில் ஆதரவு உண்டா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பாடசாலைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் நலன்புரி அமைப்புகளுக்கும் மொத்தமாகக் கணனி வாங்குவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வாங்கும் விலையுடன் எத்தனை வருடம் பாவிக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. மெஸாவின் மூல நிரல் முழுவதும் திறந்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லாமல் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஒரு பிழையைக் கண்டால், எந்தச் சிப், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நடந்தது என்று தெளிவாக எழுதி அறிவிப்பதே பெரிய பங்களிப்பு. பழைய சிப்புகள் பல, அவற்றை எழுதுபவர்களிடம் இல்லை, எம்மிடம் இருக்கின்றன. திறந்த மூலத் துறை இலங்கைக்குப் புதியதும் அல்ல. மாணவர்களுக்கான கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில், அதன் முதல் பத்து வருடங்களில் அதிக மாணவர்களைப் பங்குபற்றச் செய்த பல்கலைக்கழகம் எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான். மெஸாவுடன் தொடர்புடைய எக்ஸ்.ஓர்க் அமைப்பும் அந்தத் திட்டத்தின் ஊடாக மாணவர்களைச் சேர்த்திருக்கிறது.

ஒரு பொருளுக்கு விலை கொடுத்துவிட்டோம் என்பதற்காக அது முழுமையாக எம்முடையதாகிவிடுவதில்லை. அதை இயக்கும் நிரல் வேறொருவரின் பூட்டுக்குள் இருக்குமானால், அவர் விரும்பும் காலம் வரையே நாம் அதைப் பாவிக்கலாம். அந்தப் பூட்டைத் திறக்க சிலர் முப்பது வருடங்களாக உழைத்து வருகிறார்கள். அவர்களது உழைப்பின் பலன் எமது வீட்டு மேசையில் இருக்கும் பழைய கணனி வரை வந்து சேர்ந்திருக்கிறது. குறைந்தபட்சம் அதைத் தெரிந்துகொண்டாவது, இயங்கக்கூடிய ஒரு கணனியைக் குப்பைக்கு அனுப்பாமல், தேவையுள்ள ஒரு மாணவனின் கைக்குப் போய்ச் சேரச் செய்வோம்.